பாடகரை மாற்றுங்கள், பாட்டையும் சேர்த்து

கேள்வி இது: "அண்ணா, நாங்கள் குன்னூரில் கல்லூரி நாட்களில் ஆரம்பித்த ராக் குழு. இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. எங்கள் பாடகருக்குக் குரல்நாணில் முடிச்சு. இனி மேடையில் கத்திப் பாடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். விலகிக்கொள்கிறேன் என்று அவரே சொல்கிறார். மலையில் எங்களைத் தெரிந்தவர்களுக்கு அவர் குரல்தான் குழு. இரண்டு பேர் கைவசம் இருக்கிறார்கள். ஒருவன் கோத்தகிரிப் பையன், சர்ச் கொயரில் பாடுகிறவன். கண்ணை மூடிக் கேட்டால் எங்கள் பாடகர் அண்ணனேதான். இன்னொருவர் வெலிங்டன் பக்கத்துப் பெண். குரல் அபாரம், ஆனால் எங்கள் பாட்டுக்கும் அந்தக் குரலுக்கும் சம்பந்தமே இல்லை. யாரை எடுப்பது? அதே பெயரில் தொடரலாமா? மே சீசனுக்கு இரண்டு நிகழ்ச்சி ஒப்புக்கொண்டிருக்கிறோம்."

முதலிலேயே என் ஓட்டு யாருக்கு என்று சொல்லிவிடுகிறேன், தம்பி. அந்தப் பெண்ணை எடுங்கள். பெயரை மாற்ற வேண்டாம். மே மாத நிகழ்ச்சிகளை விட்டுவிடுங்கள். காரணத்தைச் சொல்லத்தான் இவ்வளவு நீளம் தேவைப்படுகிறது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் மேடைக்கு எதிரே சவுண்ட் மிக்சருக்குப் பின்னால் நின்றே முடி நரைத்தவன் நான். பாடகர் மாறிய குழுக்களை உள்ளூரில் நேரிலும், வெளிநாட்டில் இசைத்தட்டு வழியாகவும் கவனித்து வந்திருக்கிறேன். ஆளைத் தேர்ந்தெடுப்பதில் பெரும்பாலும் தப்பு நடப்பதில்லை. எடுத்த ஆளை எந்தப் பாட்டில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள் என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

மெல்லிசைக் கச்சேரி கேட்டு வளர்ந்த நமக்கு இந்தச் சிக்கல் சட்டென்று பிடிபடாது. அங்கே டி.எம்.எஸ். பாட்டுக்கு ஒருவர், பி.பி.எஸ். பாட்டுக்கு ஒருவர், எஸ்.பி.பி. பாட்டுக்கு ஒருவர் என்று ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஒருவருக்கு உடம்பு சரியில்லையென்றால் மேட்டுப்பாளையத்திலிருந்து இன்னொருவரை வரவழைப்பார்கள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை, பாட்டு படத்துக்குச் சொந்தம், மேடையில் பாடுகிறவர் அதை ஞாபகப்படுத்துகிறார், அவ்வளவுதான். ராக் குழுவில் எழுதியவர், வாசித்தவர், பாடியவர் எல்லோரும் அதே மேடையில் நிற்கிறார்கள். அதில் பாடுகிற முகம் மாறினால், கேட்கிறவனுக்குத் தன் கல்லூரிக் காலத்தில் யாரோ கை வைத்துவிட்ட மாதிரி இருக்கும். ட்ரம்ஸ் வாசிப்பவர் மாறினால் பத்துப் பேருக்குத் தெரியும். பேஸ் வாசிப்பவர் மாறினால் அவர் வீட்டுக்குத் தெரியும்.

ஆனால் சினிமாவிலேயே உங்களுக்கு உதவுகிற ஒரு கதை இருக்கிறது. எம்.ஜி.ஆருக்கு டி.எம்.எஸ். குரல்தான் என்று ஊரே முடிவு கட்டியிருந்த காலம். 1969-ல் வந்த 'அடிமைப் பெண்' படத்தில் 'ஆயிரம் நிலவே வா' பாட்டுக்கு எஸ்.பி.பி.யைக் கூப்பிட்டார்கள். அவர் டைஃபாய்டில் படுத்துவிட்டார். வேறு ஆளைப் போடாமல், அவர் தேறி வரும்வரை எம்.ஜி.ஆர். காத்திருந்தார் என்று எஸ்.பி.பி.யே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். எல்லோரும் அந்தக் காத்திருப்பைத்தான் சிலாகிப்பார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. அந்த இளைஞரிடம் டி.எம்.எஸ். பாடிய பாட்டைக் கொடுத்து, அவரைப் போலப் பாடு என்று யாரும் சொல்லவில்லை. அந்தக் குரல் குழைவதற்கு இடமுள்ள புதுப் பாட்டு ஒன்று கே.வி. மகாதேவன் இசையில் கிடைத்தது. பழைய பதிவு என்று ஒன்று இருந்தால்தானே ஒப்பிட்டுக் குறை சொல்ல முடியும்?

ராக்கில் இதற்குப் பெரிய சாட்சி ஏசி/டிசி குழு. 1980 பிப்ரவரி 19-ம் தேதி அவர்களுடைய பாடகர் பான் ஸ்காட் லண்டனில் இறந்துபோனார். குழுவைத் தொடங்கிய கிதார்காரர்களான யங் சகோதரர்கள் சில வாரங்களிலேயே ஆள் தேடத் தொடங்கினார்கள். கிடைத்தவர் பிரையன் ஜான்சன். ஜார்டி என்ற குழுவில் பாடிப் பெயர் வாங்கி, அந்த அலை ஓய்ந்த பிறகு நியூகாசில் பக்கம் கார்களுக்கு வினைல் கூரை போடும் தொழில் செய்துகொண்டிருந்தவர். அவர் பாடுவதை முன்பே கேட்டுவிட்டு நண்பர்களிடம் புகழ்ந்திருந்தவர் பான் ஸ்காட்டேதான். தேர்வில் ஜான்சன் பாடியவற்றில் ஒன்று ஏசி/டிசியின் 'ஹோல் லாட்டா ரோசி', இன்னொன்று டினா டர்னர் பாடிய 'நட்புஷ் சிட்டி லிமிட்ஸ்'. ஒன்று வீட்டுப் பாட்டு, ஒன்று வெளிப் பாட்டு. நீங்களும் தேர்வை இப்படியே வையுங்கள். உங்கள் பாட்டை மட்டும் பாடச் சொன்னால், வருகிறவர்கள் எல்லோரும் உங்கள் அண்ணனைப் பாடிக் காட்டிவிட்டுப் போவார்கள். அவர்கள் யார் என்பது உங்களுக்குக் கடைசிவரை தெரியாது.

அதற்கு அப்புறம் அவர்கள் செய்ததைத்தான் நான் எல்லாக் குழுவுக்கும் சொல்வேன். புதியவரை ஊர் ஊராகக் கூட்டிப்போய்ப் பழைய பாட்டைப் பாட வைக்கவில்லை. நேராக பஹாமாஸ் தீவில் இருந்த காம்பஸ் பாயிண்ட் ஸ்டுடியோவுக்குப் போனார்கள். தயாரிப்பாளர் மட் லாங். அங்கே புயலும் மழையுமாக அடித்தபோது அந்த இடியையும் மழையையுமே வரிகளாக எழுதியதாக ஜான்சன் சொல்லியிருக்கிறார். அதே வருடம் ஜூலையில் 'பேக் இன் பிளாக்' தொகுப்பு வெளியாகிவிட்டது. அட்டை முழுக்கக் கறுப்பு. முதல் பாட்டான 'ஹெல்ஸ் பெல்ஸ்' பெரிய வெண்கல மணி ஒன்றின் ஓசையில் தொடங்குகிறது; இங்கிலாந்தின் லஃபரோ ஊரில் மணி வார்க்கும் பட்டறையில் பதிவு செய்த ஓசை. மெதுவாக, ஒவ்வொன்றாக அடிக்கிறது. அதன் மேல் கிதார் வருகிறது, ட்ரம்ஸ் வருகிறது, நன்றாக நேரம் எடுத்துக்கொண்டுதான் புதுக் குரல் உள்ளே நுழைகிறது. துக்கம் கேட்டு முடித்த பிறகுதான் அவர் வாயைத் திறக்கிறார். தொகுப்பில் இருக்கும் பத்துப் பாட்டிலும் எழுதியவர்கள் பட்டியலில் யங் சகோதரர்களோடு ஜான்சன் பெயரும் இருக்கிறது. வந்து சில மாதம் ஆகாதவரின் பெயர்!

வேன் ஹேலன் குழுவும் அப்படித்தான். 1985-ல் டேவிட் லீ ராத் போய் சாமி ஹேகர் வந்ததும் புதுத் தொகுப்பு போட்டார்கள். 1986-ல் வந்த அந்த '5150'தான் அமெரிக்கப் பட்டியலில் அவர்களுக்கு முதல் முறையாக முதலிடம் வாங்கிக் கொடுத்தது. பிளாக் சபாத்தில் ஓசி ஆஸ்பர்ன் போய் ரோனி ஜேம்ஸ் டியோ வந்தபோது போட்ட தொகுப்பு 'ஹெவன் அண்ட் ஹெல்'. ஓசியும் டியோவும் எந்த விதத்திலும் ஒத்துப்போகாத குரல்கள். குழு டியோவுக்காக வேறு மாதிரிப் பாட்டு எழுதியது, நிலைத்தது.

சரி, சுருதிக்கு வருகிறேன். குழுக்கள் பேச வெட்கப்படுகிற விஷயம் இது. 1975-ல் ஜெனசிஸ் குழுவிலிருந்து பீட்டர் கேப்ரியல் விலகியதும், விளம்பரம் கொடுத்து ஆள் தேடினார்கள். வந்தவர்களுக்கெல்லாம் பாட்டைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவர் ட்ரம்ஸ் வாசித்த ஃபில் காலின்ஸ். கடைசியில் ஒருவரை ஸ்டுடியோ வரை கூட்டிப்போனார்கள். ஆனால் அதற்குள் வாத்தியப் பகுதியை எல்லாம் பதிவு செய்து முடித்திருந்தார்கள், அதன் சுருதி அவர் குரலுக்குப் பொருந்தவில்லை. பாவம், அனுப்பிவிட்டார்கள். அப்புறம் காலின்ஸ் தானே பாடிப் பார்த்தார், மீதிக் கதை ஊருக்கே தெரியும். திரும்பிப் போன அந்த மனிதரைத்தான் நான் அடிக்கடி நினைப்பேன். அவர் குரலில் என்ன குறை? யாரோ தைத்து வைத்த சட்டைக்குள் அவரை நுழையச் சொன்னார்கள்.

அயர்ன் மெய்டனில் இதே தவறு ஐந்து வருடம் நீண்டது. 1993-ல் பாடகர் புரூஸ் டிக்கின்சன் விலகினார். அவர் இடத்துக்கு வந்த பிளேஸ் பெய்லியின் குரல் கனமானது, கீழ் ஸ்தாயியில் அழகாக நிற்பது. டிக்கின்சன் உச்சியில் நின்று பாடிய பாட்டுகளை மேடையில் அதே சுருதியில் அவரைப் பாட வைத்தார்கள். சுற்றுப்பயணத்தில் குரல் கெட்டுச் சில நிகழ்ச்சிகளை ரத்து செய்யும் நிலை வந்தது. ரசிகர்கள் அவரைத் திட்டினார்கள். கிதாரின் சுருதியை அரைக் கட்டை இறக்காதவர்களை யாரும் திட்டவில்லை. ஆனால் அவர் குரலை நினைத்து எழுதிய 'சைன் ஆஃப் தி கிராஸ்', 'தி கிளான்ஸ்மேன்' இரண்டும் உயிரோடு இருக்கின்றன. 1999-ல் டிக்கின்சன் திரும்பி வந்த பிறகு அவரே அவற்றை மேடையில் பாடினார். 2007 மார்ச்சில் மெய்டன் பெங்களூர் அரண்மனை மைதானத்துக்கு வந்தார்களே, நம் மலையிலிருந்தும் கூட்டம் போயிற்று. பந்திப்பூர்க் காட்டுச் சாலையில் இரவுத் தடை வராத காலம் அது, நிகழ்ச்சி முடிந்து நேராகக் கூடலூருக்கு வண்டியை விடலாம். அன்றைக்கு வழியெல்லாம் டிக்கின்சனைப் புகழ்ந்தவர்கள் பெய்லியைக் கேலி செய்துகொண்டே வந்தார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை, இன்றைக்கும் படவில்லை.

ஆகவே உங்கள் வேலை ஒத்திகை அறையில் தொடங்குகிறது. உங்கள் பாட்டுப் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதன் சுருதிக் கட்டையை எழுதுங்கள். உங்கள் பாட்டுகளில் முக்கால்வாசி 3 கட்டையில்தான் இருக்கும். கிதார்காரர்கள் எழுதும் குழு எதுவும் அப்படித்தான். மேலேயுள்ள தடித்த ஈ கம்பியை விரல் வைக்காமல் அடித்தால் வருவது அது. பாடகரின் தொண்டையை யாரும் கேட்டிருக்க மாட்டீர்கள், உங்கள் அண்ணனுக்கு அது எப்படியோ சரியாக அமைந்துவிட்டது. அல்லது அமையாததால்தான் முடிச்சு வந்ததோ என்னவோ, அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணுக்கு 5, 5½ பக்கம் சௌகரியமாக இருக்கலாம், 6 ஆகவும் இருக்கலாம். உட்கார வைத்து, கீபோர்டில் ஒவ்வொரு ஸ்வரமாக ஏற்றி, எங்கே தொண்டை இறுகுகிறது என்று காதால் கேளுங்கள். உச்ச ஸ்வரத்தை எட்டிவிட்டாரா என்று பார்க்க வேண்டாம். அந்த உச்சியில் நாலு வரி தொடர்ந்து, மூன்றாம் தடவையும் பாட முடிகிறதா என்று பாருங்கள். மேடையில் அதுதான் கணக்கு.

ஈ கம்பியில் வாசிக்கிற ரிஃபை, அதாவது திரும்பத் திரும்ப வரும் கிதார் வரியை, அப்படியே ஏ கம்பிக்கு நகர்த்தினால் 3 கட்டை 6 கட்டையாகிவிடும், விரல் நகர்வு பெரும்பாலும் மாறாது. சில பாட்டு இதில் பிரமாதமாக வரும். சில பாட்டு உடும்பு மாதிரி அந்த அடிக் கம்பியையே பிடித்துக்கொண்டு வராது. அந்தப் பாட்டை ஓய்வெடுக்க விடுங்கள். கோத்தகிரிப் பையனையே எடுத்தாலும் அரைக் கட்டை இறக்கிவிடுங்கள் என்பேன். கம்பி தொய்ந்து உறுமும், பத்து கேஜ் கம்பி போட்டிருந்தால் இன்னும் தடித்த பதினொன்றுக்கு மாறுங்கள். இன்னொன்று, மலைக்காரர்களுக்கு மட்டுமே உள்ள தொந்தரவு. சூடான அறையில் சுருதி கூட்டிவிட்டு வெளியே குளிரில் வந்து நின்றால் கம்பி சுருங்கிச் சுருதி கொஞ்சம் ஏறிவிடும். அதே குளிரில் பாடுகிறவர் தொண்டை இறுகிக்கொள்ளும். எல்லை அருகே பாடுகிற ஆளுக்கு இந்தக் கொஞ்சமே போதும், பிசிறு தட்ட. மேடைக்குப் பக்கத்திலேயே கால் மணி நேரம் கிதாரை வைத்துவிட்டு அப்புறம் ட்யூனரைப் பாருங்கள்.

இப்போது அந்தக் கோத்தகிரிப் பையன். அச்சு அசலாகப் பாடுகிறவனை எடுத்தால் என்ன என்று உங்கள் குழுவில் யாராவது மேஜையைத் தட்டுவார்கள். ஜர்னி குழுவைத்தான் உதாரணம் காட்டுவார்கள், தப்பில்லை. பாடகர் ஸ்டீவ் பெரி போன பிறகு வந்த ஸ்டீவ் ஆகேரி தொண்டைக் கோளாறால் 2006-ல் விலகினார். 2007-ல் கிதார்காரர் நீல் ஷோன் யூடியூபில் தேடிக்கொண்டிருந்தபோது, மணிலாவில் ஒரு குழுவில் பாடிக்கொண்டிருந்த ஆர்னல் பினேடா கண்ணில் பட்டார். 2008-ல் சிலி நாட்டில் முதல் மேடை. இன்றுவரை நிற்கிறார். 2017-ல் ராக் புகழ் மண்டபத்தில் குழுவைக் கௌரவித்தபோது பெரியே வந்து மேடையில் பினேடாவைப் பாராட்டிவிட்டு, பாடாமல் இறங்கிப் போனார். கண் கலங்க வைக்கிற கதைதான், நானும் கலங்கியிருக்கிறேன்.

ஆனால் ஜர்னியின் நிலைமை உங்களுடையது இல்லை. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான பேர் பெரியின் பாட்டைக் கேட்க டிக்கெட் வாங்கக் காத்திருந்தார்கள். அந்தப் பழைய பாட்டுகளை அப்படியே கொடுக்கிற ஆள் அவர்களுக்குத் தொழில் தேவை. உங்களுக்கு அந்தப் பழைய பாட்டு விற்கிற சந்தை எங்கே இருக்கிறது? குன்னூருக்குள்ளேயே, பெட்ஃபோர்டிலிருந்து சிம்ஸ் பார்க் வரைக்கும் இருக்கிறது. அந்த ஆட்கள் உங்கள் அண்ணனை வாரம் ஒருமுறை மார்க்கெட்டில் பார்க்கிறார்கள். அசல் ஆள் காய்கறி வாங்கிக்கொண்டிருக்கும் ஊரில் நகல் எவ்வளவு நாள் தாங்கும்? ஜூடாஸ் பிரீஸ்ட் குழு 1996-ல் இதைத்தான் செய்தது. ராப் ஹால்ஃபோர்ட் இடத்தில், அவர்கள் பாட்டையே பாடும் குழு ஒன்றிலிருந்த டிம் ஓவன்ஸைக் கொண்டுவந்தார்கள். பாடத் தெரியாதவர் என்று எதிரியும் சொல்ல மாட்டான். இரண்டு தொகுப்பு வந்தது. 2003-ல் ஹால்ஃபோர்ட் திரும்பினார், ஓவன்ஸ் வெளியே. அசல் வந்ததும் நகலுக்கு வேலை இல்லை. அந்தப் பையனுக்கு இருபத்துச் சொச்சம் வயதுதான் இருக்கும். அவன் வாழ்க்கையை ஏன் இன்னொருவர் குரலின் மிச்சமாக ஆக்க வேண்டும்? கோரஸுக்குக் கூப்பிடுங்கள், சந்தோஷமாக வருவான், பழைய பாட்டில் மேல் குரலை அவன் பிடித்துக்கொள்வான்.

பெண் குரலா என்று தயங்குகிறவர்களுக்கு லின்கின் பார்க். அதன் பாடகர் செஸ்டர் பென்னிங்டன் 2017 ஜூலையில் இறந்தார். ஏழு வருடம் சும்மா இருந்துவிட்டு 2024 செப்டம்பரில் எமிலி ஆம்ஸ்ட்ராங் என்ற பெண்ணை அறிமுகம் செய்தார்கள். அறிமுகத்தன்றே புதுப் பாட்டு 'தி எம்ப்டினெஸ் மெஷின்' கையில் தயாராக இருந்தது. அந்தப் பாட்டு கட்டப்பட்டிருக்கும் விதத்தைக் கவனியுங்கள். முதலில் பாடுகிறவர் பழைய ஆள் மைக் ஷினோடா. தெரிந்த குரல் கையைப் பிடித்து அழைத்துப்போகிறது, பாதி வழியில்தான் தெரியாத குரல் சேர்கிறது. உங்கள் கிதார்காரர் ஓரளவு பாடுவார் என்று ஞாபகம். முதல் புதுப் பாட்டை இந்த அமைப்பில் எழுதச் சொல்லுங்கள். ஆலிஸ் இன் செயின்ஸ் குழுவிலும் பாடகர் லேன் ஸ்டேலி இறந்த பிறகு வில்லியம் டுவால் தனியாக நிற்கவில்லை, முன்பே பாடிக்கொண்டிருந்த ஜெர்ரி கான்ட்ரெல் பக்கத்திலேயே நின்றார். நம் நாட்டில் இந்தியன் ஓஷன் குழுவைப் பாருங்கள். 2009 டிசம்பரில் அஷீம் சக்ரவர்த்தி காலமானார். தபலாவும் வாசித்துக்கொண்டு பாடவும் செய்தவர். அவர் இடத்துக்கு ஒரே ஆளைத் தேடி அலையவில்லை. பாட ஹிமான்ஷு ஜோஷி, தபலாவுக்கு துஹீன் சக்ரவர்த்தி என்று இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் சுமந்ததை இன்னொருவர் தலையில் அப்படியே ஏற்றாமல் பிரித்துக் கொடுத்தால் ஒப்பிடுவது தானாகவே குறையும்.

பெயரைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். குயீன் குழு ஃப்ரெடி மெர்குரிக்குப் பிறகு 'குயீன் பிளஸ் பால் ராட்ஜர்ஸ்', அப்புறம் 'குயீன் பிளஸ் ஆடம் லாம்பர்ட்' என்று கூட்டல் குறி போட்டுக்கொண்டது. மரியாதையான ஏற்பாடு, ஆனால் புதியவர் எத்தனை வருடமானாலும் விருந்தாளி. (ஃப்ரெடியும் நம்மைப் போல மலைப் பள்ளிப் பையன்தான், பஞ்சகனியில் படித்தவர். அங்கே ஹெக்டிக்ஸ் என்ற பள்ளிக் குழுவில் அவர் வேலை பியானோ. யாருக்குள் எந்தப் பாடகர் உட்கார்ந்திருக்கிறார் என்று யாருக்குத் தெரியும்?) சபாத் ஆட்கள் 2006-ல் டியோவோடு மறுபடி சேர்ந்தபோது 'ஹெவன் அண்ட் ஹெல்' என்றே பெயர் வைத்துக்கொண்டார்கள், ஓசி பாட்டு பாட வேண்டிய கட்டாயமே இல்லை. உங்கள் பெயர் பாடகரின் பெயராக இருந்தால் மாற்றச் சொல்வேன். அப்படி இல்லையே. மீதி எல்லோரும் இருக்கிறீர்கள், பாட்டு எழுதுகிறவரும் இருக்கிறார். விட்டுவிடுங்கள்.

உங்கள் அண்ணன் விஷயத்தில் மட்டும் கறாராகப் பேசிக்கொள்ளுங்கள். குரல்நாண் முடிச்சு என்றால் எல்லாம் முடிந்தது என்று அர்த்தமில்லை. ஓய்வும் குரல் பயிற்சியும் கொடுத்தால் பலருக்குச் சரியாகிறது. ஏசி/டிசியின் ஜான்சனே 2016-ல் காது கேட்கும் திறன் போய்விடும் அபாயத்தால் நிறுத்தினார், மீதிப் பயணத்தில் ஆக்சல் ரோஸ் பாடினார், 2020-ல் வந்த தொகுப்பில் ஜான்சன் திரும்பவும் பாடினார். அதனால் அவர் திரும்பினால் என்ன என்ற கேள்வியை இப்போதே மூன்று தரப்பும் உட்கார்ந்து பேசுங்கள். அந்தப் பெண்ணிடம் சொல்லாமல் அண்ணனிடம் "எப்ப வேணா வாங்கண்ணே" என்று சொல்லி வைப்பது துரோகம். திரும்பினால் இரண்டு பேரும் பாடலாம், அல்லது அவர் எழுதலாம், தயாரிக்கலாம். வரிகள் எழுதிய பாட்டுகளில் அவர் பங்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பெண்ணும் சம்பளத்துக்கு வருகிறாரா, பங்குக்கு வருகிறாரா என்பதும் அதே தாளில் வரட்டும். பங்கு கொடுங்கள் என்பது என் கட்சி.

மேடையில் நடக்கப்போவதையும் சொல்லிவிடுகிறேன். கோத்தகிரி பக்கம் ஒரு ரிசார்ட் புல்வெளியில் புதுப் பாடகரோடு ஒரு குழு ஏறியது. மூன்றாவது பாட்டு முடிந்ததும் பின்வரிசையிலிருந்து பழைய பாடகரின் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். கெட்ட எண்ணம் இல்லை, பாசம்தான். அந்தப் பையன் மைக்கில், "அவர் அளவுக்கு என்னால் பாட முடியாது, மன்னிச்சுக்குங்க" என்றான். எனக்கு மிக்சருக்குப் பின்னால் பகீர் என்றது. அடுத்த பாட்டிலிருந்து மைக்கை விட்டு நாலு விரல் தள்ளி நின்று பாட ஆரம்பித்தான். பயந்தவன் எப்போதும் பின்னால்தான் போவான். மேடையில் பாடும் மைக்கில் உதட்டை ஒட்டிப் பாடினால்தான் குரலின் அடிப்பகுதி கிடைக்கும், தள்ளிப்போனால் மெலிந்து தகரம் மாதிரி ஆகிவிடும். நான் மிக்சரில் அவன் ஃபேடரை ஏற்றி ஒலியைக் கூட்டினேன். மைக் அவனை விட்டுவிட்டு எதிரே இருந்த மானிட்டர் ஸ்பீக்கரைக் கேட்க ஆரம்பித்தது, கீ என்று ஒரு கூவல். கூட்டம் அதையும் அவன் கணக்கில் எழுதிக்கொண்டது.

அந்தப் பெண்ணுக்கு இரண்டே விஷயம் சொல்லி வையுங்கள்: மன்னிப்புக் கேட்க வேண்டாம், மைக்கை விட்டு நகர வேண்டாம். பெயர் சொல்லிக் கத்தும்போது பதில் சொல்ல வேண்டியவர் அவர் இல்லை, நீங்கள். "அண்ணன் நல்லா இருக்கார், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கார்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு உடனே நாலு தட்டுத் தட்டி அடுத்த பாட்டை எடுங்கள். அதற்கு அவர் உண்மையிலேயே முன்வரிசையில் உட்கார்ந்திருக்க வேண்டும். உட்காரச் சம்மதிப்பாரா என்று இப்போதே கேளுங்கள். மனசு கஷ்டமாக இருக்கிறது, வர மாட்டேன் என்றால் வற்புறுத்த வேண்டாம். அப்போது அந்தப் பதிலையும் சொல்லாதீர்கள்.

மே சீசன் ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், அந்தக் கூட்டத்தில் பெரும்பாலானவர்கள் கீழேயிருந்து வருகிறவர்கள். மலர்க் கண்காட்சி பார்த்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு, தெரிந்த பாட்டு எதையாவது கேட்க நிற்பார்கள். உங்கள் அண்ணனையும் தெரியாது, அந்தப் பெண்ணையும் தெரியாது. கை தட்டினாலும் உங்களுக்கு எதுவும் விளங்காது. கவாத்து வெட்டிய தேயிலையில் சில மாதம் இலை கிள்ளாமல் விடுகிறோம், துளிர் தலைக்கு வருவதற்கு அந்த அவகாசம் வேண்டும், உங்களுக்கும் வேண்டும். மே முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு நாலு புதுப் பாட்டு எழுதுங்கள். நாலு போதும். அதில் ஒன்றாவது அந்தப் பெண் கொண்டுவந்த மெட்டாகவோ வரியாகவோ இருக்கட்டும். படுகர்களின் படுகுப் பாட்டு அவருக்கு வருமென்றால் அதையும் தொட்டுப் பாருங்கள், நம் மலையில் அதற்குக் காது இருக்கிறது. ஜூன், ஜூலையில் மழை, யாரும் கூப்பிட மாட்டார்கள், ஒத்திகைக்கு அதைவிட நல்ல காலம் கிடையாது. ஆகஸ்டில் ஏதாவது சர்ச் ஹாலில் தெரிந்தவர்களை மட்டும் கூப்பிட்டு வாசியுங்கள். பழசு பாதி, புதுசு பாதி வேண்டாம். முதலில் இரண்டு புதுசு, அப்புறம் சுருதி மாற்றிய பழசு, மறுபடி புதுசு. உங்கள் ஊரில் எல்லோருக்கும் மனப்பாடமான அந்த ஒரு பாட்டு இருக்குமே, அதை இந்த வருடம் தொடவே தொடாதீர்கள். கேட்டுக் கத்துவார்கள், கத்தட்டும்.

ரிசார்ட்காரர்களிடம் வாங்கிய முன்பணத்தை இந்த வாரமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், இப்போது சொன்னால் அவர்களுக்கு வேறு குழு பிடிக்க நேரம் இருக்கும். செப்டம்பர், அக்டோபரில் இரண்டாம் சீசனுக்குக் கூப்பிடச் சொல்லிக் கேளுங்கள். கூட்டம் குறைவு, பணமும் குறைவாகத்தான் பேசுவார்கள், ஒப்புக்கொள்ளுங்கள். இரவு பத்து மணிக்கு ஸ்பீக்கரை நிறுத்த வேண்டும் என்பதால் ஏழரைக்கே ஏறிவிடுங்கள். சவுண்டுக்கு ஆள் இல்லையென்றால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள், வருகிறேன். கட்டை எழுதிய அந்தப் பட்டியலை மட்டும் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்.